என்ஃபீல்ட் ரைஃபிள் மஸ்கட்: நகல் துப்பாக்கி வாங்குவதிலிருந்து கழுவி வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

ரைஃபிள் மஸ்கட் என்பது குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும், உட்புறம் சுழல் பள்ளங்கள் வெட்டிய நீளத் துப்பாக்கி. ஒழுங்காகப் பொருத்தப்பட்ட நகல் ஒன்று, நூறு கஜத் தொலைவில் ஐந்து குண்டுகளையும் நாலைந்து அங்குல வட்டத்துக்குள் போடும். அதே துப்பாக்கி பொருந்தாத குண்டோடு சுட்டால் இரண்டடிப் பலகையையே தவறவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசம். புதிதாக இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் மரத்தின் பளபளப்பையும் முத்திரைகளின் அசல்தன்மையையும் பார்த்து வாங்கிவிட்டு, குண்டைப் பற்றி கடைசியில் யோசிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. குழலின் துளையை அளந்து, அதற்கேற்ற குண்டைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளின் உலகம். அமெரிக்காவில் 1950இல் தொடங்கிய நார்த்-சவுத் ஸ்கர்மிஷ் அசோசியேஷன், வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே ஃபோர்ட் ஷெனண்டோவா என்ற தன் சொந்தத் திடலில் போட்டிகள் நடத்துகிறது. எட்டுப் பேர் கொண்ட குழுக்கள், நேரக் கணக்கு வைத்து, 50 கஜத்திலும் 100 கஜத்திலும் உள்ள உடையும் இலக்குகளைச் சுட்டு நொறுக்குவார்கள். பிரிட்டனில் 1952 முதல் மஸில் லோடர்ஸ் அசோசியேஷன் ஆஃப் கிரேட் பிரிட்டன் இயங்குகிறது. துப்பாக்கி வாங்கும் முன் இப்படியொரு சங்கத்தின் திடலில் ஒரு நாள் நின்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் துப்பாக்கியையே கையில் கொடுத்துச் சுடச் சொல்வார்கள்.

சட்டம் முதலில்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1968இலிருந்தே இத்தகைய வாய்வழி கெட்டிக்கும் நகல்களைப் பழம்பொருள் வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும். பிரிட்டனில் துப்பாக்கிச் சான்றிதழ் கட்டாயம், கருமருந்து (இதில் போடும் பழைய வகை வெடிமருந்து) வாங்கி வைத்திருக்கத் தனி அனுமதி வேண்டும். கனடாவில் இருப்பவர்கள் கவனிக்க: கேப் (அடிபட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் நகல் நீளத் துப்பாக்கிக்கு அங்கே உரிமம் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் இல்லாமல் முடியாது. பழைய மாதிரிதானே என்ற வாதம் எடுபடாது.

எந்த மாதிரி

முதலில் வருவது 1853 மாதிரி என்ஃபீல்ட். 39 அங்குலக் குழல், குழலை மரத்தோடு பிணைக்கும் மூன்று பட்டைகள், .577 அங்குலத் துளை, மூன்று சுழல் பள்ளங்கள். பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 78 அங்குலம் எடுத்துக்கொள்ளும். அதாவது மிக மெதுவான சுழற்சி. அமெரிக்காவின் 1861 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் இதற்கு நெருங்கிய உறவு: 40 அங்குலக் குழல், .58 துளை, 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இரண்டுமே ஒன்பது பவுண்டுக்கு மேல் எடையும் நாலரை அடிக்கு மேல் நீளமும் உள்ளவை.

அடுத்தது 1858 கடற்படை மாதிரி என்ஃபீல்ட். 33 அங்குலக் குழல், இரண்டு பட்டைகள், ஐந்து பள்ளங்கள், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மூன்றாவதாக 24 அங்குலக் குழல் கொண்ட 1861 மஸ்கட்டூன். அதன் சுழற்சியும் 48தான்.

முதல் துப்பாக்கிக்கு நான் இரண்டு பட்டை என்ஃபீல்டையே சொல்வேன். நின்றுகொண்டு சுடும்போது மூன்று பட்டையின் முன்பாரம் தோளை இழுத்துவிடும். வேகமான சுழற்சி குண்டின் சிறு குறைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மஸ்கட்டூன் கைக்கு அடக்கமாக இருந்தாலும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு, அதனால் குறி பார்ப்பதில் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். ஆனால் போர்க்காலக் காலாட்படை வீரர் வேடத்தில் அணிவகுப்பதும் உங்கள் ஆசை என்றால் மூன்று பட்டை தவிர வேறு பேச்சில்லை.

புதிய நகல்களில் பெரும்பாலானவை இத்தாலியின் பிரெஷா மாவட்டத்தில், துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கு வட்டாரத்திலிருந்து வருகின்றன. 1957இல் தொடங்கிய பெடர்சோலி, கியாப்பா நிறுவனத்தின் ஆர்மி ஸ்போர்ட் ஆகியவை இன்று கிடைப்பவை. யூரோஆர்ம்ஸ் மூடப்பட்டுவிட்டது, ஆனால் பழைய சரக்கு கைமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டாங்கையில் பழைய பர்மிங்ஹாம் பார்க்கர்-ஹேல் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அசல் என்ஃபீல்டைப் போலவே அதன் பள்ளங்கள் அடிப்பகுதியில் ஆழமாகத் தொடங்கி வாய்ப்புறம் வர வர ஆழம் குறைந்து வரும். குண்டு வெளியேறும் வரை பிடி தளராமல் இருக்க இது உதவும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவில் செய்து வெளிநாட்டில் விற்கப்படும் மலிவான மஸ்கட்டுகளில் பெரும்பாலானவை பள்ளமில்லாத மொழுக்கைக் குழல் கொண்டவை, வேடமிட்டு அணிவகுக்கத்தான் அவை. பலவற்றில் அழுத்தச் சோதனை முத்திரையே இருக்காது. முத்திரையில்லாத குழலில் குண்டு போட்டுச் சுடக் கூடாது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்பது முதல் சோதனை. கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுங்கள். குழலின் மேல் வைத்துப் பார்த்தால் கம்பியின் நுனி நிப்பிள் (கேப்பை மாட்டும் சிறு குழாய்) இருக்கும் இடத்துக்கு அருகே வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ கெட்டித்துக் கிடக்கிறது. நூறாண்டுப் பழைய துப்பாக்கிகளில்கூட இப்படி மருந்தும் குண்டும் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

பிறகு குழலில் சோதனை முத்திரையைத் தேடுங்கள். இத்தாலிய நகலில் நட்சத்திரத்தின் கீழே பி.என். என்ற எழுத்துகள் இருக்கும், கருமருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள், விழக் கூடாது. குதிரை விழும்போது அதன் கிண்ணம் நிப்பிளின் நடுவில் உட்காருகிறதா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் இடித்தால் கேப் வெடிக்காமல் போகும், அல்லது சிதறும். சிறு விளக்கை விட்டு அடிவரை துளையைப் பாருங்கள். துருப்பள்ளங்கள் இருந்தால் வேண்டாம், அவை ஒருநாளும் சரியாகாது.

துளையை அளப்பது

.577 என்றும் .58 என்றும் பட்டியலில் போட்டிருப்பதை நம்பிக் குண்டு வாங்காதீர்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியில்கூட ஒரு குழல் .577 இருக்கும், இன்னொன்று .580 இருக்கும்.

இந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்பது புரிந்துவிடும். பிரெஞ்சு அதிகாரி க்ளோத் எத்தியென் மினியே 1840களின் இறுதியில் வடிவமைத்த குண்டின் அடிப்பகுதி குழிவானது. குழியைத் தள்ளி விரிக்க அவர் ஓர் இரும்புக் கிண்ணத்தை வைத்தார். அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச் சாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் குழியின் வடிவத்தை மாற்றி, அந்தக் கிண்ணமே தேவையில்லை என்று காட்டினார். குண்டு துளையைவிடச் சற்றுச் சிறியது, அதனால் வாய்வழியே தடையில்லாமல் இறங்கும். மருந்து எரிந்ததும் வாயு அழுத்தம் அடிப்பகுதியின் மெல்லிய விளிம்பை விரிக்கும். மெத்தென்ற ஈயம் பள்ளங்களுக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொண்டு சுழலும். குண்டு மிகச் சிறியதாக இருந்தால் விளிம்பு விரிந்து சேர்வதற்குள் வாயு பக்கவாட்டில் ஓடிவிடும். குண்டு சாய்ந்து, அட்டையில் பக்கவாட்டாகப் பதியும். அந்தச் சாவித்துவாரம் போன்ற ஓட்டையைப் பார்த்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள், குண்டின் அளவைப் பாருங்கள்.

அளப்பதற்கு, ஆயிரத்தில் ஓர் அங்குல இடைவெளியில் வரும் எஃகு அளவு ஊசிகள் போதும். லேத் பட்டறைகளில் வைத்திருப்பார்கள். வாயை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு .575இலிருந்து ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். அழுத்தாமல் தானாக இறங்கும் மிகப் பெரிய ஊசி எதுவோ அதுதான் உங்கள் துளை. குண்டு அதைவிட .001 அல்லது .002 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். ஊசி .579 காட்டினால் .577 அல்லது .578 குண்டு. இந்த எண்ணை எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள்.

குண்டு வார்ப்பது

அச்சு வாங்கும்போது துளையைவிடச் சற்றுப் பெரிதாக வார்க்கும் அச்சை எடுத்து, பிறகு அளவு வளையத்துக்குள் தள்ளி உங்கள் எண்ணுக்குக் கொண்டுவருவதே நல்லது. லைமன் நிறுவனத்தின் 575213 என்ற பிரபலமான அச்சு .575 அளவில் வார்க்கும். உங்கள் துளை .580 என்றால் அது உதவாது, சிறிய குண்டைப் பெரிதாக்க வழியில்லை.

ஈயம் சுத்தமாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் ஆழமாகக் கோடு விழ வேண்டும். வண்டிச் சக்கரத்தில் எடை சமப்படுத்தக் கவ்வி மாட்டும் ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருக்கும், அதன் விளிம்பு விரியாது. சுத்த ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் குழிவான அடி ஒழுங்காக நிரம்ப 400க்கு மேல் சூடு வேண்டும். காற்றோட்டமான இடம், கண்ணாடி, கையுறை, பாதத்தை முழுதாக மூடும் காலணி இல்லாமல் தொடங்காதீர்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவி வெடித்து ஈயத்தை முகத்தில் அடிக்கும். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

வார்த்த குண்டுகளைக் கவிழ்த்து அடிவிளிம்பைப் பாருங்கள். குமிழ், மடிப்பு, வெட்டு இருந்தால் மறுபடி உருக்கப் போட்டுவிடுங்கள். மூக்கில் இருக்கும் சுருக்கம் பெரிதாகக் கெடுக்காது, விளிம்பில் இருக்கும் சிறு குறை குண்டை எங்கோ கொண்டுபோகும்.

கொழுப்பு, மருந்து, கேப்

கருமருந்து எரிந்ததும் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும், அதில் ஒரு பகுதி கரியாகக் குழலுக்குள் தங்கிவிடும். அதை இளக்கி வைக்கத்தான் குண்டில் கொழுப்பு பூசுகிறோம். 1857இல் சிப்பாய்களைக் கொந்தளிக்க வைத்தது இதே என்ஃபீல்டின் தோட்டாவில் தடவிய கொழுப்புதான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கிறது என்ற பேச்சு பரவியது. தாமே விரும்பியதைத் தடவிக்கொள்ளலாம் என்று பின்னர் சொல்லியும் ஐயம் தீரவில்லை. இன்றைக்கு நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் சேர்த்து உருக்கினால் போதும். வெயில் காலத்தில் மெழுகைக் கூட்டுங்கள், குளிரில் எண்ணெயைக் கூட்டுங்கள். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார் போல இறுகிவிடும்.

மருந்து கருமருந்தாக மட்டுமே இருக்க வேண்டும். நவீனப் புகையில்லா மருந்தைக் கொஞ்சமும் போடக் கூடாது. அதன் அழுத்தம் இந்தக் குழலைப் பிளந்துவிடும், சுடுபவரின் கையும் கண்ணும் போகும். இதில் சிறிய அளவு, கலப்பு என்ற சமாதானங்களுக்கு இடமே இல்லை. கருமருந்தில் 2எஃப், 3எஃப் என்ற இரண்டு பொடி அளவுகளும் புழக்கத்தில் உண்டு. 3எஃப் நுண்ணியது, வேகமாக எரியும். கேப் என்றால் விளிம்பு விரிந்த பெரிய மஸ்கட் கேப், அதற்குரிய நிப்பிள்.

போர்க்கால அமெரிக்கத் தோட்டாவில் 60 கிரெயின் மருந்து இருந்தது, சுமார் 4 கிராம். என்ஃபீல்டுக்குச் சுமார் 70 கிரெயின். போட்டிக்காரர்கள் இவ்வளவு போடுவதில்லை, 40இலிருந்து 50 கிரெயினுக்குள் பெரும்பாலான துப்பாக்கிகள் நன்றாகச் சுடும். வீட்டிலேயே அளந்து சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டுவது கொடிய பழக்கம். உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தால் குடுவை முழுதும் கையிலேயே வெடிக்கும்.

கெட்டிப்பது

கண்ணாடியும் காது அடைப்பும் போட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

1. உலர்ந்த துணியால் குழலின் எண்ணெயைத் துடையுங்கள். குழல் வாயை இலக்குப் பக்கம் தரையை நோக்கிப் பிடித்து வெறும் கேப் ஒன்றிரண்டு வெடியுங்கள். வாய்க்கு முன்னே உள்ள புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

2. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, வாயை உங்களிடமிருந்து சாய்த்துப் பிடியுங்கள். நிப்பிளில் கேப் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். முகமும் உள்ளங்கையும் வாய்க்கு நேரே வரக் கூடாது.

3. ஒரு குப்பி மருந்தைக் கொட்டி, குழலை லேசாகத் தட்டுங்கள்.

4. கொழுப்பு பூசிய குண்டைக் குழிவான அடி கீழே இருக்குமாறு வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சாய்ந்து போகக் கூடாது.

5. கம்பியை இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்துக் குண்டை ஒரே சீராக இறக்குங்கள். முஷ்டியால் பிடித்து இடிக்க வேண்டாம். மருந்தின் மேல் குண்டு உட்கார்ந்ததும் கையில் ஒரு நிதானமான தடை தெரியும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அடித்து அடித்து நசுக்கினால் மூக்கு கெடும். குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் உப்பிவிடும், பிளக்கவும் கூடும். முதல் தடவை சரியாக உட்கார்ந்ததும் கம்பியில் வாய்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் கம்பி அதே கோட்டில் நிற்க வேண்டும்.

6. கம்பியை எடுத்துவிட்டீர்களா? குழலுக்குள் விட்டுச் சுட்டவர்கள் உண்டு.

7. துப்பாக்கியை இலக்குப் பக்கம் நீட்டிய பிறகே குதிரையைப் பாதி இழுத்துக் கேப் வையுங்கள். சுடத் தயாரானதும் முழுதும் இழுங்கள்.

சுடுவதும் மருந்தளவு தேடுவதும்

விசை அழுத்தியதும் குதிரை விழுந்து, கேப் வெடித்து, மருந்து பற்றி, குண்டு மூன்றடிக் குழலைக் கடக்க நவீன ரைஃபிளைவிட நேரம் பிடிக்கும். ஆகவே புகை எழுந்த பிறகும் குறியை விடாதீர்கள். புதியவர்களின் தவறிய குண்டுகளில் பல தலையைத் தூக்கியதால் போனவை.

50 கஜத்தில், சாய்மானம் வைத்து, 40 கிரெயினில் தொடங்குங்கள். ஐந்து குண்டு சுட்டு அட்டையில் குறித்துவிட்டு 45, பிறகு 50. தயாரிப்பாளர் கையேட்டில் தந்த உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஓர் அளவில் ஓட்டைகள் நெருங்கி வரும், அதைத் தாண்டினால் மறுபடி விரியும். மருந்து கூடினால் மெல்லிய விளிம்பு பாவாடை போல மலர்ந்து குண்டைத் தடுமாற வைப்பதுதான் காரணம். நெருங்கிய இடத்தில் நின்றுகொள்ளுங்கள். எங்கே பட்டது என்பதைப் பிறகு பார்க்கலாம், எவ்வளவு நெருக்கமாகப் பட்டது என்பதுதான் இப்போதைக்குக் கேள்வி.

மருந்தளவு உறுதியானதும் முன்குறியில் கை வைக்கலாம். நகல்கள் பலவும் 50 கஜத்தில் மேலே சுடும், அதற்கு உயரமான முன்குறி பற்றவைக்க வேண்டும். குண்டு கீழே பட்டால் முன்குறியை அரத்தால் குறையுங்கள். கணக்கு எளிது: முன், பின் குறிகளுக்கு இடையே 30 அங்குலம் என்று வையுங்கள். 50 கஜம் என்பது 1,800 அங்குலம். 6 அங்குலம் விலகினால், 6ஐ 30ஆல் பெருக்கி 1,800ஆல் வகுக்க 0.1 அங்குலம். அதில் பாதியை மட்டும் முதலில் அராவி, சுட்டுப் பார்த்து மீதியைத் தொடருங்கள்.

வெடிக்காவிட்டால்

துப்பாக்கியை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். மருந்து தாமதித்துப் பற்றலாம். பிறகு புதிய கேப். அதுவும் தோற்றால், மறுபடி காத்திருந்து, நிப்பிளின் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து இன்னொரு கேப். மருந்து போடாமல் குண்டை மட்டும் இறக்கியிருந்தால், நிப்பிளைக் கழற்றி அந்த ஓட்டை வழியே சிறிது மருந்தை உள்ளே தட்டி, நிப்பிளை மாட்டி, குண்டு அடியில்தான் இருக்கிறது என்று கம்பியால் உறுதி செய்தபின் இலக்குப் பக்கம் சுட்டு வெளியேற்றலாம். திடல் பொறுப்பாளரை அழைத்துவிட்டே இதைச் செய்யுங்கள். கம்பியும் குண்டும் குழலுக்குள் நிற்கும்போது யாரும் வாய்க்கு எதிரே வரக் கூடாது.

கழுவுவது

அன்றே கழுவ வேண்டும். மிச்சக் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஓர் இரவில் துரு பிடிக்கும். மூன்று பட்டை என்ஃபீல்டின் குழலை ஒவ்வொரு முறையும் மரத்திலிருந்து கழற்ற வேண்டாம், மரம் தேய்ந்து பிடி தளரும். நிப்பிளைக் கழற்றி, அந்த ஓட்டையில் ரப்பர் குழாய் இணைப்பை மாட்டி, மறுமுனையைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விடுங்கள். துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் ஏறி இறங்கிக் கரியைக் கொண்டுவரும். முதல் வாளி கறுத்துப் போகும், முட்டை அழுகிய வாடை வரும். தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் நீர் சில நிமிடங்களிலேயே குழலுக்குள் மெல்லிய துருவை ஏற்றிவிடும்.

உலர்ந்த துணிகளை விட்டு ஈரம் போகத் துடையுங்கள், பிறகு எண்ணெய்த் துணி. நிப்பிளைக் கழுவி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். குதிரையின் கிண்ணத்தையும் நிப்பிள் திருகப்பட்டிருக்கும் புடைப்பையும் மறந்துவிடாதீர்கள், கரி அதிகம் அப்புவது அங்கேதான். இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் மறுபடி எண்ணெய் தடவி வாயைக் கீழ்நோக்கி நிறுத்தி வையுங்கள், எண்ணெய் நிப்பிள் பக்கம் இறங்கி மரத்தில் ஊறாது. பழுப்பு ஏறியிருந்தால் வாளியை மீண்டும் எடுங்கள்.